கடக்வாஸ்லா: சோளக்கதிருக்குப் பின்னால் ஒரு ஜூலை 12

புனேவில் குடியிருக்கும் நம்மாட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஜூன் பாதியில் மழை இறங்கி, சுற்றியுள்ள குன்றுகளெல்லாம் பச்சையாகிவிட்டால் போதும். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாவையோ மாமனார் மாமியாரையோ வண்டியில் ஏற்றிக்கொண்டு, ஒரு டப்பாவில் புளியோதரையும் இன்னொரு டப்பாவில் தயிர்சாதமுமாகக் கடக்வாஸ்லாவுக்குக் கிளம்பிவிடுவோம். ஸ்வர்கேட்டிலிருந்து சிங்ஹகட் ரோட்டைப் பிடித்தால் இருபது கிலோமீட்டர் கூட இருக்காது. (ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் திரும்பி வரும்போது அதே தூரம் இருநூறு கிலோமீட்டர் மாதிரி இருக்கும். அது வேறு கதை.)

போகாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். கரையோரம் நீளமாக ஒரு சாலை. அதற்கு உள்ளூர்க்காரர்கள் வைத்திருக்கும் பெயர் 'சௌபாட்டி'. கடலே இல்லாத ஊரில் கடற்கரை! கரி அடுப்பில் சுட்டு எலுமிச்சம்பழமும் மிளகாய்த்தூளும் தேய்த்துக் கொடுக்கும் சோளக்கதிர், சுடச்சுட வெங்காய பஜ்ஜி, இஞ்சி தட்டிப்போட்ட டீ. அக்கரையில் தேசிய பாதுகாப்பு அகாடமியின் காடு. தலைக்கு மேலே சிங்ஹகட் கோட்டை. நல்ல மழை நாளில் அணையின் கதவைத் திறந்து விட்டிருந்தால், அந்த இரைச்சலைக் கேட்கவே கூட்டம் கூடும்.

எனக்குச் சொந்த ஊர் வைகை அணைக்குப் பக்கம். அணைக்குப் போவதென்றாலே பூங்கா, ஊஞ்சல், பொரித்த மீன் என்று வளர்ந்தவன். கடக்வாஸ்லாவும் முதல் இரண்டு வருடம் எனக்கு அப்படித்தான் இருந்தது. இந்த ஏரிக்கு இன்னொரு முகம் உண்டு என்று எனக்குத் தெரியவந்தது வங்கிக் கிளையில்.

"பான்ஷேத்தில் போயிற்று"

நவம்பர் மாதம் வந்தால் பென்ஷன் வாங்கும் பெரியவர்கள் ஆயுள் சான்று கொடுக்க வருவார்கள். அப்படி வந்த ஒரு ஆஜோபாவிடம் (மராட்டியில் தாத்தா) ஏதோ ஒரு பழைய காகிதம் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே அது பான்ஷேத் வெள்ளத்தில் போய்விட்டது என்றார். சரி, பாவம் என்று விட்டுவிட்டேன். அடுத்த மாதம் வாரிசு விவகாரமாக வந்த ஒரு அம்மாவும் அதையே சொன்னார். பிறகு ஒரு வீட்டுக்கடன் விண்ணப்பத்தில், சொத்தின் மூலப்பத்திரம் ஏன் இல்லை என்பதற்கு அதே பதில். போகப்போகத்தான் தெரிந்தது, பழைய புனேக்காரர்களின் பேச்சில் இது ஒரு சொலவடை. ஏதாவது பொருள் காணவில்லை என்றால் "பான்ஷேத்தில் போயிருக்கும்" என்று விளையாட்டாகவும் சொல்வார்கள். வயதைக் கணக்குப் போடும்போது வெள்ளத்துக்கு முன்னால், வெள்ளத்துக்குப் பின்னால் என்று பிரித்தும் சொல்வார்கள்.

அந்த ஆஜோபா வீட்டில், அவர் இருபது வயதுக்கு முன்னால் எடுத்த ஒரு போட்டோ கூட இல்லை. அவருடைய அப்பா அம்மா கல்யாணப் போட்டோவும் இல்லை. ஒரே நாளில் ஒரு குடும்பத்தின் காகிதம் மொத்தமும் காலி. வங்கியில் வேலை செய்கிறவனுக்குக் காகிதம் இல்லாமல் போவதன் வலி நன்றாகவே தெரியும். அப்படி என்னதான் நடந்தது என்று தேட ஆரம்பித்தேன். தேடியதில் கிடைத்ததுதான் இந்தப் பதிவு.

ஃபைஃப் துரையின் ஏரி

கடக்வாஸ்லா அணை முட்டா நதியின் மேல் இருக்கிறது. புனேயின் நடுவே ஓடும் அதே முட்டாதான். (முளாவும் முட்டாவும் ஊருக்குள் கலந்து 'முளா-முட்டா' ஆகிறது. பிறகு பீமா, அதன்பின் கிருஷ்ணா, கடைசியில் வங்காள விரிகுடா.) 1869-ல் வேலை ஆரம்பித்து 1879 வாக்கில் முடிந்தது. கட்டியவர் கர்னல் ஃபைஃப் என்ற ராணுவப் பொறியாளர். அதனால் ரொம்ப நாளைக்கு இதற்கு 'லேக் ஃபைஃப்' என்றுதான் பெயர். ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் நீளத்துக்குக் கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சுவர். இந்தியாவில் இந்த அளவில் எழுந்த ஆரம்பகாலக் கல் அணைகளில் இது ஒன்று.

எதற்காகக் கட்டினார்கள்? புனேக்கு மேற்கே சஹ்யாத்ரி மலையில் கொட்டோ கொட்டென்று மழை. கிழக்கே ஐம்பது கிலோமீட்டர் போனால் வறண்ட பூமி. மலையில் விழுவதைப் பிடித்து வைத்துக் கால்வாய் வழியாகக் கிழக்கே அனுப்ப வேண்டும். கூடவே புனே, கட்கி கண்டோன்மெண்டுகளுக்குக் குடிதண்ணீரும் தரவேண்டும். அணை எழும்பிக்கொண்டிருந்த காலத்தில்தான் 1876-78 பஞ்சம் வந்தது. நம் பாட்டிகள் 'தாது வருஷப் பஞ்சம்' என்று சொல்வார்களே, அதே பஞ்சம். தக்காணத்தையும் நம் பக்கத்தையும் சேர்த்துத்தான் அது வாட்டியது. அப்படிப்பட்ட பூமிக்கு ஒரு அணை என்ன அர்த்தம் தந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்து வருகிறவர் நமக்கெல்லாம் தெரிந்தவர். மோட்சகுண்டம் விஸ்வேஸ்வரய்யா. மைசூர்க்காரர் என்றாலும் படித்தது புனே பொறியியல் கல்லூரியில். 1884-ல் பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறையில் சேர்ந்தவர். புனேயில் பொறியாளராக இருந்தபோது அவர் முன்னால் வந்த பிரச்சினை இது: ஏரியில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் தேக்கவேண்டும், ஆனால் சுவரை உயர்த்தக்கூடாது. உபரிநீர் வழியும் கலிங்கின் மேல் அவர் தானியங்கிக் கதவுகளை வைத்தார். தண்ணீர் முழு மட்டத்தைத் தொட்டால் கதவு தானாகத் திறக்கும். மட்டம் இறங்கினால் தானாக மூடும். எடைக்கு எதிர் எடை, அவ்வளவுதான் தத்துவம். நடுராத்திரியில் வெள்ளம் வந்தாலும் கதவைத் திறக்க யாரையும் எழுப்ப வேண்டாம். இதனால் சுமார் எட்டடி உயரத்துக்குக் கூடுதலாகத் தண்ணீர் தேக்க முடிந்தது. 1903-ல் இங்கே வைத்த இந்தக் கதவுதான் பிறகு குவாலியரின் டிக்ரா அணைக்கும், மைசூரின் கிருஷ்ணராஜ சாகருக்கும் போனது. பிருந்தாவன் கார்டனைப் பார்க்கப் போனவர்கள் எத்தனை பேர்! அந்த அணைக் கதவின் பிறந்த வீடு கடக்வாஸ்லா என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

அணையின் காலடியில் இன்னொன்று வளர்ந்தது. மத்திய நீர், மின் ஆராய்ச்சி நிலையம். 1916-ல் பம்பாய் மாகாணத்தின் ஒரு சின்னப் பிரிவாக ஆரம்பித்து, பிறகு கடக்வாஸ்லாவுக்கே வந்துவிட்டது. ஆறு, அணை, துறைமுகம் எல்லாவற்றுக்கும் சின்ன மாதிரி செய்து தண்ணீர் ஓடவிட்டுப் பார்க்கிற இடம். அதற்கு ஓயாமல் தண்ணீர் வேண்டும். அணைக்குக் கீழேயே இருந்தால் கவலை இல்லை.

அக்கரையில் தேசிய பாதுகாப்பு அகாடமி. 1949 அக்டோபர் 6-ம் தேதி நேரு அடிக்கல் நாட்டினார். 1955 ஜனவரியில் முறைப்படி திறந்தார்கள். இடம் தேர்வானதற்கு ஏரியும் ஒரு காரணம். தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றுக்கும் ஒரே இடத்தில் பயிற்சி என்றால் தண்ணீர் வேண்டுமே! இன்றைக்கும் ஏரியின் 'பீகாக் பே' என்ற மூலையில்தான் பையன்கள் படகு பழகுகிறார்கள். 2022-லிருந்து பெண் பிள்ளைகளும் சேர்ந்திருக்கிறார்கள்.

ஆக, 1950-களின் நடுவில் கடக்வாஸ்லா ஒரு பெருமைமிக்க இடம். பழைய அணை, புதிய அகாடமி, நாட்டிலேயே பெரிய நீரியல் ஆராய்ச்சி நிலையம். தண்ணீரைப் பற்றி இந்தியாவில் யாருக்காவது தெரியும் என்றால் அது இந்த ஊருக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மேலே ஒரு அணை

ஊர் பெருகியது, தண்ணீர் போதவில்லை. கடக்வாஸ்லாவுக்கு மேலே, மலைக்குள்ளே இன்னொரு அணை கட்ட முடிவானது. முட்டாவில் வந்து சேரும் ஆம்பி நதியின் குறுக்கே, பான்ஷேத் கிராமத்துக்குப் பக்கத்தில். (ஆம்பி என்றதும் 'அந்நியன்' படத்து அம்பி ஞாபகம் வந்தால் தப்பே இல்லை. வருடத்தில் எட்டு மாதம் அம்பி, மழை நாலு மாதம் அந்நியன்.) இது கல் அணை இல்லை. மண் அணை. நடுவில் தண்ணீர் புகாத களிமண், இரண்டு பக்கமும் மண்ணும் கல்லும். ஒழுங்காகக் கட்டினால் மண் அணையும் நூறு வருடம் நிற்கும். ஆனால் அதற்கு ஒரு விஷயம் ஆகவே ஆகாது. தண்ணீர் அதன் தலைக்கு மேல் வழியக் கூடாது. வழிந்தால் மண் கரையும், கதை முடிந்தது.

திட்டத்தில் போட்டிருந்த காலத்துக்கு முன்னதாகவே, 1961 மழைக்காலத்திலேயே தண்ணீரைத் தேக்கிவிடலாம் என்று வேலையை முடுக்கினார்கள். கரை எழும்பிவிட்டது. ஆனால் தண்ணீரை வெளியே விடும் மதகு வேலை முடியவில்லை. மதகுக் கதவுகளை ஏற்றி இறக்கும் கருவிகளைப் பொருத்தவில்லை. குழாய்ப் பாதையும் அரைகுறை. எஃகுத் தட்டுப்பாடான காலம் அது. மதகின் காங்கிரீட்டில் கம்பி கட்டாமல் விட்டது பற்றிப் பிறகு நிறையப் பேச்சு எழுந்தது.

இந்த இடத்தில் என் தொழில் புத்தி குறுக்கே வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கடனில் நாங்கள் பணத்தை மொத்தமாகத் தூக்கிக் கொடுக்க மாட்டோம். அஸ்திவாரம் பார்த்து ஒரு தவணை, சுவர் பார்த்து ஒரு தவணை, கூரை பார்த்து ஒரு தவணை. கூரை போடாத வீட்டுக்குக் கிரகப்பிரவேசத் தவணையை விட்டால் அது கடன் இல்லை, சூதாட்டம். பான்ஷேத்தில் நடந்தது அதுதான். வடிகால் இல்லாத தொட்டியில் குழாயைத் திறந்துவிட்டார்கள். குழாயை மூடுவது வருண பகவான் கையில்.

அந்த வருடம் வருண பகவான் சும்மா இருக்கவில்லை. ஜூன் 18-லிருந்து ஜூலை 12-க்குள் அணைப் பகுதியில் 1778 மில்லிமீட்டர் மழை. சென்னைக்கு ஒரு வருடம் முழுக்கப் பெய்யும் மழையைவிட அதிகம், இருபத்தைந்தே நாளில்! நீர்மட்டம் ஆரம்பத்தில் ஒரே நாளில் ஒன்பது மீட்டர் வரை ஏறியது. பன்னிரண்டு நாளில் இருபத்துநாலு மீட்டர். புதிய மண்கரை இறுகக்கூட நேரம் இல்லை. அரைகுறை மதகு வழியாகத் தண்ணீர் அடித்துக்கொண்டு பாய்ந்ததில் அந்தக் கட்டுமானம் அதிர்ந்து விரிசல் விட, அதற்கு மேலிருந்த மண்கரை உள்வாங்க ஆரம்பித்தது. இரண்டரை மணி நேரத்தில் 1.37 மீட்டர் இறங்கியது என்று பதிவாகியிருக்கிறது. ஒரு கட்டத்தில் கரைக்கும் தண்ணீருக்கும் நடுவே இரண்டே அடிதான் மிச்சம்.

ஜூலை 11 இரவு. ராணுவ ஜவான்கள் வந்தார்கள். கொட்டும் மழையில், உள்வாங்கிக்கொண்டிருக்கும் கரையின் மேலேயே நின்று மணல் மூட்டைகளை அடுக்கினார்கள். காலுக்குக் கீழே எந்த நிமிடமும் கரை போகலாம் என்று தெரிந்தே செய்த வேலை. இரவு முழுக்கத் தாக்குப் பிடித்தது. அவர்கள் அந்தச் சில மணி நேரத்தை வாங்கித் தராமல் இருந்திருந்தால், தண்ணீர் நடுநிசியில் தூங்கிக்கொண்டிருந்த ஊருக்குள் வந்திருக்கும். அப்போது செத்தவர்களின் எண்ணிக்கை பல மடங்காகியிருக்கும். இதைச் சொல்லாமல் அந்த வெள்ளத்தைப் பற்றிப் பேசுகிற புனேக்காரரை நான் இன்னும் பார்க்கவில்லை.

புதன்கிழமை காலை

1961 ஜூலை 12, புதன்கிழமை. காலை ஏழிலிருந்து எட்டு மணிக்குள் பான்ஷேத் உடைந்தது. அந்தத் தண்ணீர் மொத்தமும் கீழே கடக்வாஸ்லாவில் வந்து விழுந்தது. கடக்வாஸ்லா அன்றைக்கு ஏற்கெனவே நிரம்பியிருந்தது. கதவுகள் ஏறக்குறைய முழுக்கொள்ளளவுக்குத் தண்ணீரை வெளியேற்றிக்கொண்டிருந்தன. அதற்கு மேல் இன்னொரு ஏரியே வந்து சேர்ந்தால்? எண்பது வயதைத் தாண்டிய கல் சுவரின் முழு நீளத்துக்கும், சுமார் 2.7 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் வழிந்தது. சுவர் அதிர்வதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். வெள்ளம் வந்து மோதியதிலிருந்து நாலு மணி நேரத்துக்குள் கடக்வாஸ்லாவும் உடைந்தது. சின்னவன் விழுந்து பெரியவரையும் தள்ளிவிட்ட மாதிரி.

ஊருக்குத் தெளிவான எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. புதன்கிழமை, வேலை நாள். மதியத்துக்குள் முட்டா நதியின் மேலிருந்த பாலங்கள் ஏறக்குறைய எல்லாமே தண்ணீருக்குள். அதில் ஒன்று 'லக்டி புல்'. மரப்பாலம் என்று அர்த்தம். 1761-ல் பானிபட்டில் தோற்றுத் திரும்பிய மராட்டியப் படை, ஊர்க்காரர்கள் கண்ணில் படாமல் உள்ளே வருவதற்காக அவசரமாகக் கட்டிய பாலம் என்று கதை சொல்வார்கள். (இப்போது இருப்பது மரமில்லை.) 1761, 1961. இருநூறு வருட இடைவெளியில் புனேக்கு விழுந்த இரண்டு அடிகள் என்று உள்ளூர்ப் பெரியவர்கள் இரண்டையும் சேர்த்தே சொல்கிறார்கள்.

ஆற்றங்கரைப் பேட்டைகள்தான் அதிகமாக அடிவாங்கின. நாராயண் பேட், சனிவார் பேட், சோம்வார் பேட், அக்கரையில் டெக்கான் ஜிம்கானா. பழைய புனே என்பது வாடாக்களின் ஊர். வாடா என்றால் நம்மூர் செட்டிநாட்டு வீடு மாதிரி நடுமுற்றம் வைத்து, மரத்தூணும் செங்கலும் மண்சாந்துமாகக் கட்டிய பெரிய வீடு. ஒரு வாடாவில் பத்துப் பதினைந்து குடித்தனம் இருக்கும். மண்சாந்துச் சுவர் மணிக்கணக்கில் தண்ணீருக்குள் நின்றால் என்ன ஆகும்? ஊறிக் கரைந்து, தண்ணீர் வடியும்போது அப்படியே உட்கார்ந்துவிட்டது. ஜனங்கள் பர்வதி குன்று போன்ற மேட்டு இடங்களுக்கு ஓடினார்கள்.

இறந்தவர்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். வீடிழந்தவர்கள் பல ஆயிரம் குடும்பங்கள்.

ஒரு விஷயம் மனதை என்னவோ செய்கிறது. கடக்வாஸ்லா உடைந்த அன்று, அதற்குத் தானியங்கிக் கதவு வைத்த விஸ்வேஸ்வரய்யா உயிரோடுதான் இருந்தார். நூறு வயது, பெங்களூரில். அடுத்த வருடம் ஏப்ரலில்தான் காலமானார். ஆள் எழுந்து வராவிட்டாலும் தானாகவே திறக்கிற கதவை யோசித்தவர் அவர். திறக்க வழியில்லாத மதகோடு ஒரு அணையை நிரப்பியதால்தான் அவருடைய ஏரியும் போயிற்று.

தண்ணீர் வடிந்த பிறகு

அடுத்து வந்தது விநோதமான கஷ்டம். ஊரே தண்ணீரில் மூழ்கி எழுந்த மறுநாள், குடிக்கத் தண்ணீர் இல்லை! ஊருக்குக் குடிநீர் கொடுத்தது கடக்வாஸ்லா. அதுதான் உடைந்துவிட்டதே. அப்போது கைகொடுத்தவை பழைய கிணறுகளும், பேஷ்வா காலத்துக் காத்ரஜ் குடிநீர்த் திட்டமும். காத்ரஜ் ஏரியிலிருந்து தரைக்கடியில் சுரங்கம்போலக் கட்டிய வாய்க்கால் வழியாக ஊருக்குள் இருக்கும் 'ஹௌத்' என்ற கல்தொட்டிகளுக்குத் தண்ணீர் கொண்டுவந்த, நானாசாகேப் பேஷ்வா காலத்து ஏற்பாடு அது. இருநூறு வருடப் பழசு. புதிதாக ஒன்று வந்ததும் பழையதை மண்ணைப் போட்டு மூடிவிடக் கூடாது என்பதற்கு இதைவிடப் பாடம் வேண்டாம்.

வீடிழந்தவர்களுக்கு அரைவட்டக் கூரை போட்ட 'நிஸ்ஸன்' கொட்டகைகளைக் கட்டிக் கொடுத்தார்கள். மறுவாழ்வு வேலையை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் ஐ.சி.எஸ். அதிகாரி ச.கோ. பர்வே. பிறகு ஊருக்கு வெளியே நிலம் ஒதுக்கி, வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவர்கள் கூட்டுறவு சங்கமாகச் சேர்ந்து வீடு கட்ட ஏற்பாடு ஆனது. சஹகார்நகர், லோக்மான்யநகர், கோக்லேநகர் எல்லாம் இப்படி எழும்பிய, வளர்ந்த பகுதிகள். சஹகார் என்றால் கூட்டுறவு. பெயரிலேயே கதை இருக்கிறது. இன்றைக்கு அங்கே ஒரு ஃப்ளாட் விலை கேட்டால் மயக்கம் வரும். ஆரம்பம் அகதிக் குடியிருப்பு.

அந்தக் கதை இன்னும் முடியவில்லை என்பதும் என் மேஜைக்கு வந்த காகிதங்களில்தான் தெரிந்தது. இந்த 'பூர்கிரஸ்த்' (வெள்ளத்தால் பாதிக்கப்பட்டோர்) சங்கங்கள் நூறுக்கும் மேலே. நிலம் அரசாங்கத்துடையது, குத்தகை. விற்கவோ, இடித்துக் கட்டவோ, அடமானம் வைக்கவோ போனால் ஆயிரம் கேள்வி. நிலத்தை எங்கள் பெயருக்கே மாற்றித் தாருங்கள் என்று பல பத்தாண்டுகள் அலைந்தார்கள். அப்பா வெள்ளத்தில் வீட்டை இழந்தார், பிள்ளை அதற்குப் பதிலாகக் கிடைத்த வீட்டின் பத்திரத்துக்காக அலைந்தார், பேரன் அதன் மேல் கடன் கேட்டு எங்கள் முன்னால் வந்து உட்கார்ந்தான். ஒரு அணையின் உடைப்பு மூன்று தலைமுறைக் கணக்குப் புத்தகத்தில் நிற்கிறது.

யார் பொறுப்பு?

விசாரணை வைத்தார்கள். முதலில் நீதிபதி பாவ்டேகர் தலைமையில் ஒரு கமிஷன். விசாரணை முடியும் முன்பே அவர் இறந்துபோனார். பிறகு நீதிபதி நாயக் கமிஷன். தொழில்நுட்பக் காரணம் தெளிவாகவே வந்தது. வெள்ளம் வழியும் கலிங்கு போதாமல் உடையவில்லை, அஸ்திவாரம் சரியில்லாமல் உடையவில்லை. அவசரத்துக்குத் தண்ணீரை வெளியேற்றும் மதகு ஏற்பாடு போதுமானதாக இல்லாததால் உடைந்தது. அதாவது, இயற்கை கொடுத்த அடி அல்ல. முடியாத வேலையை முடிந்ததாக நினைத்துக்கொண்டு நிரப்பியதன் பலன்.

இரண்டு அணையையும் மறுபடி கட்டினார்கள். புதிய பான்ஷேத் 1972 வாக்கில் முடிந்தது. அதன் நீர்த்தேக்கத்துக்கு, சிங்ஹகட்டில் உயிர்விட்ட தானாஜியின் பெயரில் 'தானாஜி சாகர்' என்று பெயர். பின்னாளில் வரஸ்காவ், தேம்கர் என்று இன்னும் இரண்டு அணைகள் வந்தன. நாலும் சேர்ந்து சுமார் 29 டி.எம்.சி. அதில் கடக்வாஸ்லாவின் பங்கு இரண்டு டி.எம்.சி. கூட இல்லை. பான்ஷேத்தும் வரஸ்காவும்தான் பெரிய பானைகள், கடக்வாஸ்லா அவற்றிலிருந்து மொண்டு ஊற்றும் சொம்பு. மற்ற மூன்றும் நிரம்பினால் சொம்பு வழிந்தே ஆகவேண்டும். மழைக்காலத்தில் கடக்வாஸ்லாவிலிருந்து இத்தனை ஆயிரம் கன அடி திறப்பு என்று செய்தி வருவது இதனால்தான்.

பான்ஷேத்துக்குப் பிறகும் நாடு சீக்கிரம் கற்றுக்கொள்ளவில்லை. 1979 ஆகஸ்ட் 11-ல் குஜராத்தில் மச்சூ அணை உடைந்து மோர்பி நகரம் அழிந்தது. அணைப் பாதுகாப்புக்கென்று நாடு முழுமைக்கும் ஒரு சட்டம் வந்தது 2021-ல். பான்ஷேத் உடைந்து சரியாக அறுபது வருடம் கழித்து!

அணை உடையாமலே ஆபத்து வரும் என்பதை 2024-ல் பார்த்தோம். ஜூலை 25 அதிகாலை, கனமழையோடு கடக்வாஸ்லாவின் திறப்பும் சேர்ந்து, சிங்ஹகட் ரோட்டில் ஆற்றங்கரையோரம் இருக்கும் ஏக்தா நகரிக்குள் தண்ணீர் புகுந்தது. அன்றைக்குத் திறப்பு 35,000 கன அடி வரை போனது. தங்களுக்குச் சரியான நேரத்தில் தகவல் வரவில்லை என்றுதான் குடியிருந்தவர்கள் அங்கேயும் சொன்னார்கள். அறுபத்து மூன்று வருடம் கழித்தும் அதே குறை. 1961-ல் வானொலி மட்டும் இருந்தது. இன்றைக்கு ஆளுக்கு இரண்டு போன் இருக்கிறது.

போகிறவர்களுக்கு

இதையெல்லாம் படித்துவிட்டுக் கடக்வாஸ்லா போகாமல் இருக்காதீர்கள். கட்டாயம் போங்கள். ஆனால் சில விஷயம்:

தண்ணீரில் இறங்காதீர்கள். மேலே அமைதியாகத் தெரியும், கரையை விட்டு நாலடி போனால் சேறும் பள்ளமும். ஒவ்வொரு வருடமும் இளவயதுப் பிள்ளைகள் போகிறார்கள். "சும்மா காலை நனைத்துவிட்டு வருகிறேன்" என்று ஆரம்பிப்பதுதான் எல்லாமே.

அணைக்குக் கீழே ஆற்றுப்படுகையில் பாறை மேல் உட்கார்ந்து சாப்பிடுவது இன்னும் ஆபத்து. சங்கு ஊதினால் டப்பாவை விட்டுவிட்டு மேலே ஏறுங்கள். புளியோதரை நாளைக்கும் செய்யலாம்.

முடிந்தால் பான்ஷேத் வரை போய்வாருங்கள். நகரத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குள்தான். புதிய கரையின் உயரத்தைப் பார்த்தால், அன்றைக்கு அதன் மேல் மழையில் மூட்டை சுமந்தவர்களின் தைரியம் புரியும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ரஸ்தா பேட், கட்கி பக்கமெல்லாம் 1961-க்கு முன்பே வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் உண்டு. ரயில்வே, ராணுவ அலுவலகம், வெடிமருந்துத் தொழிற்சாலை என்று வந்தவர்கள். மராட்டியில் இந்த வெள்ளத்தைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். நம் மொழியில் நான் தேடியவரை ஒன்றும் கண்ணில் படவில்லை. அந்த வீடுகளில் அன்றைக்குச் சின்னப் பிள்ளையாக இருந்தவர்களுக்கு இன்றைக்கு எழுபது, எண்பது வயது. அடுத்த முறை பார்க்கும்போது அந்தப் புதன்கிழமை எங்கே இருந்தீர்கள் மாமா, தண்ணீர் எது வரைக்கும் வந்தது மாமி என்று ஒரு வார்த்தை கேட்டு, தேதி போட்டு எழுதி வைத்துவிடுங்கள். ஒரே ஒரு பிரதியோடு நிறுத்தாமல் இரண்டு இடத்தில் வையுங்கள். காகிதம் வெள்ளத்தில் போகும் என்று இந்த ஊர் நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறதே.